கோழி டிஃபென்சின் ஈ.கோலையைக் கொல்லவில்லை: எங்கே சிக்கல்?

கிருமிகளைக் கொல்லும் சிறு புரதமான டிஃபென்சினை ஈ.கோலை பாக்டீரியா மீது சோதித்தீர்கள்; மில்லிலிட்டருக்கு 128 மைக்ரோகிராம் சேர்த்தும், பாக்டீரியா வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் குறையவில்லை என்கிறீர்கள். முதலில் சோதனைத் தட்டை மாற்றுங்கள். ஏவிபிடி-2 (கோழி டிஃபென்சின்களில் ஒன்று) போன்ற நேர்மின்சுமைப் பெப்டைடு நீங்கள் வைத்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் தட்டு எடுங்கள். பெப்டைடை நீர்க்கச் செய்ய 0.01% அசிட்டிக் அமிலம், 0.2% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமின்) கலந்த கரைசல் போதும்.

அடுத்த சந்தேகம் உப்பு. உங்கள் ஊடகத்தின் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு பல டிஃபென்சின்களை மழுங்கடிக்கும்.

சோதிக்க: 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4, மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் செல்கள், 37 டிகிரியில் 2 மணி நேரம். உப்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று. பிறகு அகாரில் பரப்பிக் காலனி எண்ணுங்கள். பெப்டைடு சேர்க்காத குழாயும் கட்டாயம். வெறும் பஃபரிலேயே செல்கள் சாகலாம்.

இரண்டிலும் சாகாவிட்டால், பெப்டைடு சரியாக மடிந்ததா என்று அறிய மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனை) பாருங்கள். பெப்டைடின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் மூன்று டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்பும் உருவாகியிருந்தால், பிணைப்பில்லாத வடிவத்தைவிட நிறை 6 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) குறையும். ஆனால் கந்தக அணுக்களில் சரியான ஜோடிகள்தாம் சேர்ந்தனவா என்பதை அந்த எண் சொல்லாது.

உப்பில்லாத பஃபரில் கொன்றால் உப்புள்ள கோழியின் உடலிலும் கொல்லும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.