இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏன் க்ளெய்மை மறுக்கின்றன? பாலிசி எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். பிரீமியம் வாங்கும்போது இருந்த இனிமை க்ளெய்ம் கேட்கும்போது எங்கே போகிறது, எந்தக் கம்பெனியை நம்பலாம், பாலிசி எடுக்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்டும் இல்லை. கோப்புகளைப் பார்த்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை க்ளெய்ம் வந்த பிறகு எடுத்த முடிவுகள் அல்ல. பாலிசிக்கான விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அவை முடிவாகிவிட்டன. க்ளெய்ம் பிரிவில் இருப்பவர் பிறகு செய்வது, அந்தப் படிவத்தையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது மட்டும்தான்.

படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட். “சுகர் இருக்கா சார்? மாத்திரையில கன்ட்ரோல்லதானே இருக்கு? அதைப் போட வேண்டாம், போட்டா டெஸ்ட் அது இதுன்னு இழுப்பாங்க.” நீங்களும் சரியென்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். சில வருடம் கழித்து இதய சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது டாக்டர் முதலில் கேட்பது பழைய நோய்களைத்தான். அவரிடம் யாரும் மறைப்பதில்லை, மறைக்கவும் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் “எட்டு ஆண்டுகளாக நீரிழிவு” என்று ஏறிவிடும். படிவத்தில் “இல்லை”. இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் ஒரு குடும்பம் தவிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் சொன்ன வார்த்தை எந்தக் காகிதத்திலும் இருக்காது. கையெழுத்து உங்களுடையது.

ஆகவே படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முடியாவிட்டால் நிரப்பிய பின் ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள். நோயைச் சொன்னால் பிரீமியம் கூடும், அல்லது அந்த நோய்க்குச் சில வருடம் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. அது தெரிந்த செலவு. மறைத்தால் வருவது, பிரீமியமும் கட்டி பணமும் கிடைக்காத நிலை.

காத்திருப்புக் காலம் என்பதே ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நோய் வந்த பிறகு பாலிசி எடுக்கலாம் என்றால் ஆரோக்கியமாக இருக்கும்போது யார் எடுப்பார்கள்? நோயாளிகள் மட்டும் சேர்ந்த நிதியில் பிரீமியம் ஏறிக்கொண்டே போய், கொஞ்சம் நலமாக இருப்பவர்களும் விலகி, கடைசியில் அந்த நிதியே நிற்காது. பலர் கட்டுவதில் சிலருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பலரும் உள்ளே இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லும் கடமை உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. இதை ஏஜென்டுகள் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டை என்று ஆங்கிலேயரிடம் ஒரு கோட்டை இருந்தது. எதிரிகள் பிடித்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்துக்காக அதன் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டரின் பெயரில் லண்டனில் காப்பீடு எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தேவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று காப்பீடு கொடுத்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு கார்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நல்லெண்ணக் கடமை இரு தரப்புக்கும் பொது, காப்பீடு கொடுப்பவருக்குத் தெரிந்ததையோ அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதையோ இன்னொருவர் சொல்லவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். இன்றும் உலகெங்கும் காப்பீட்டுச் சட்டம் படிப்பவர்கள் தொடங்கும் வழக்கு இது. அதே பிரிட்டனில் 2012இல் வந்த சட்டம் தனிநபர்களுக்கு இன்னும் எளிதாக்கியது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் தவறான பதில் சொல்லியிருந்தாலும், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்குமோ அதற்கேற்பத்தான் க்ளெய்மைக் குறைக்கலாம். வேண்டுமென்றோ, உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலோ தவறான பதில் சொன்னவருக்கு முழு மறுப்பு. கவனக்குறைவுதான் என்றாலும், உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்ற நிலை இருந்தால் க்ளெய்மை முழுதாக மறுக்கலாம், ஆனால் பிரீமியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சட்டம் இந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் “நீங்கள் என்னிடம் கேட்காத கேள்வி இது” என்ற வாதத்தை எங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, மறுக்காமல் குறைத்துக் கொடுப்பது. இதில்தான் மக்களுக்கு அதிகக் கோபம், விளக்கம் குறைவு. வீட்டின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் குறையட்டும் என்று 60க்கு மட்டும் காப்பீடு எடுக்கிறீர்கள். தீயில் 40க்குச் சேதம். 60க்கு எடுத்திருக்கிறோமே, 40 முழுசாக வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது 24. மீதி 40 சதவீத ஆபத்தை நீங்களே சுமப்பதாக ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. ஆகவே சேதத்திலும் 40 சதவீதம் உங்கள் தலையில். சொத்துக் காப்பீடுகளில் பரவலாக உள்ள நிபந்தனை இது. சில மருத்துவ பாலிசிகளிலும் இதன் சாயல் உண்டு. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கும். அதைவிட இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையில் தங்கினால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் முதல் அறுவை சிகிச்சை வரை பாதியாக வெட்டுவார்கள். உங்கள் பாலிசியில் இது இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே பாருங்கள்.

ஒரே வீட்டுக்கு இரண்டு கம்பெனியில் பாலிசி எடுத்தால் இரண்டு மடங்கு கிடைக்குமா என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். கிடைக்காது. சொத்துக் காப்பீடு நஷ்டத்தை ஈடுகட்ட மட்டுமே. இரண்டு கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆயுள் காப்பீடு வேறு. உயிருக்கு விலை போட முடியாது என்பதால் எத்தனை பாலிசி இருந்தாலும் அத்தனையும் கொடுக்க வேண்டும். மற்ற பாலிசிகளைப் பற்றிப் படிவத்தில் கேட்டிருந்தால் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நஷ்டத்துக்கு எது காரணம் என்பதிலும் தகராறு வரும். தீயை அணைக்க அடித்த தண்ணீரில் புத்தகங்கள் நாசமானால் அது தீ விபத்து நஷ்டம்தான், தண்ணீர் நஷ்டம் அல்ல. சங்கிலியைத் தொடங்கிவைத்த காரணம் எது என்று பார்ப்பார்கள். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்தபோது இந்தக் கேள்வி ஒரு நகரத்துக்கே வந்தது. நடுக்கத்தைவிட, அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் எரிந்த தீயே நகரத்தை அதிகம் அழித்தது. மக்களிடம் இருந்தவை தீ பாலிசிகள். வீடு முதலில் இடிந்து பிறகு எரிந்ததா, எரிந்து இடிந்ததா என்று பல கம்பெனிகள் வாதம் செய்தன. லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், பாலிசியின் நிபந்தனைகள் எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் முழுசாகக் கொடுத்துவிடுங்கள் என்று தன் பிரதிநிதிக்குத் தகவல் அனுப்பினார். லாயிட்ஸுக்கு அமெரிக்காவில் கிடைத்த நற்பெயர் அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் எல்லாக் கம்பெனியிலும் ஒரு ஹீத் இருப்பார் என்று நம்பி பாலிசி எடுக்கக் கூடாது. ‘இவற்றுக்குப் பணம் கிடைக்காது’ என்ற பகுதி ஒவ்வொரு பாலிசியிலும் உண்டு. என்னைக் கேட்டால் அதை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். தேய்மானம், நாள்பட்ட கசிவு, போர் ஆகியவை அநேகமாக எல்லாச் சொத்து பாலிசியிலும் விலக்கப்பட்டிருக்கும். அவற்றுக்காகக் கோபப்படுவதில் பயனில்லை. அந்த பாலிசிக்கே உரிய, வேறெங்கும் இல்லாத விலக்குதான் கவனிக்க வேண்டியது.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். “வந்த க்ளெய்ம்களில் இத்தனை சதவீதம் கொடுத்தோம்” என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கையில் நூற்றுக்கு 98 கொடுத்திருக்கலாம். விட்டுப்போன இரண்டும் பெரிய தொகைகளாக இருக்கலாம். தொகையின் அடிப்படையில் எத்தனை சதவீதம், எத்தனை நாளில் கொடுத்தார்கள், அவர்கள் மீது வந்த புகார்கள் எத்தனை என்று பாருங்கள். பல நாடுகளில் கட்டுப்பாட்டு அமைப்பே இவற்றை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தோஷத்தோடு சந்தேகமும் வரட்டும். எச்ஐஎச் என்பது ஆஸ்திரேலியாவின் பெரிய பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று. 2001 மார்ச்சில் திவாலானது. எதிர்காலத்தில் வரப்போகும் க்ளெய்ம்களுக்குப் போதுமான பணத்தை ஒதுக்கி வைக்காததுதான் அடிப்படைக் கோளாறு என்று அதை விசாரித்த அரச ஆணையம் கண்டது. காப்பீட்டில் விற்பவருக்குப் பணம் இன்று வந்துவிடும், செலவு வருடங்கள் கழித்து வரும். ஆகவே விலையைத் தவறாக வைத்தது உடனே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இருநூறு வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய பேரிழப்பையும் தாங்கும் அளவுக்கு ஒவ்வொரு கம்பெனியிடமும் மூலதனம் இருக்க வேண்டும். உங்கள் நாட்டிலும் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கும், அதைச் சால்வென்சி (கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் திறன்) என்பார்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையில் கிடைக்கும்.

விற்பவர் யார் என்பதும் முக்கியம். ஏஜென்ட் கம்பெனியின் ஆள், புரோக்கர் சட்டப்படி உங்கள் ஆள். இருவருக்கும் பெரும்பாலும் கமிஷன் கொடுப்பது கம்பெனிதான். ஆயுள் காப்பீட்டில், சேமிப்போடு கலந்த பாலிசிகளில் முதல் வருடக் கமிஷன் அதிகம். அதனால்தான் வெறும் டெர்ம் பாலிசியை (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் வரும், சேமிப்பு கலக்காத பாலிசி) கேட்டால் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பும். இரண்டு மூன்று வருடத்தில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால் கட்டியதில் கொஞ்சமே திரும்ப வரும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றால் முதலில் பெரிய தொகைக்கு டெர்ம் எடுங்கள், சேமிப்பைத் தனியாகச் செய்யுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எடுத்த பிறகு மனம் மாறினால் பல நாடுகளில் 14 முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பாலிசிப் புத்தகத்தை வாங்கி பீரோவில் வைக்காமல் அந்த நாட்களில் படியுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை: உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருளைத் தூக்கி எறியாதீர்கள், ஆனால் சேதம் மேலும் பரவாமல் தடுங்கள். உங்கள் வண்டியை இடித்தவரிடம் “இனி ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் க்ளெய்ம் பாதிக்கப்படும்.

அத்தனையும் சரியாகச் செய்தும் மறுத்துவிட்டால்? தொலைபேசியில் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று பிரிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். வெறும் மிரட்டலாக இருந்த மறுப்புகள் இந்த ஒரு கடிதத்திலேயே தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பதில் வந்தால் அந்தப் பிரிவுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மன வேதனை, கட்டிய வருடங்கள் இவற்றையெல்லாம் எழுதினால் படிப்பவர் கவனம் சிதறும். டாக்டரின் கடிதம், பழைய ரிப்போர்ட், படிவத்தின் நகல் என்று அந்தப் பிரிவை உடைக்கும் காகிதத்தை இணையுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கேயும் மறுத்தால் வெளியில் உள்ள நடுவர். இந்தியாவில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அமைப்பு 1998இல் வந்தது. பிரிட்டனில் நிதித்துறைக் குறைதீர்ப்பாளர், ஆஸ்திரேலியாவில் 2018 முதல் ஆஃப்கா (AFCA) என்ற நிதிப் புகார் அமைப்பு. மூன்றிலும் புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நீங்கள் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கெடு மட்டும் உண்டு: கம்பெனியின் இறுதிப் பதில் வந்ததிலிருந்து பிரிட்டனில் 6 மாதம், இந்தியாவில் ஒரு வருடம், ஆஸ்திரேலியாவில் பொதுவாக 2 வருடம். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.