சாட் நாட்டில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி நிமித்தமாக டிசம்பரில் மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமீனாவுக்குச் செல்கிறேன். அங்கே தெருவில் படம் எடுப்பதற்கே அரசு அனுமதி வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உண்மைதான். சாட்டில் படமெடுக்க அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. அது கையில் இருந்தாலும் விமான நிலையம், ராணுவ இடங்கள், அரசுக் கட்டடங்கள், சீருடை அணிந்தவர்கள் ஆகியோர் பக்கம் லென்ஸைத் திருப்பக் கூடாது. கைப்பேசிக்கும் இதே விதிதான். 'போனில்தானே எடுத்தேன்' என்ற சமாதானம் எடுபடாது. 1960இல் விடுதலை பெற்றது முதல் உள்நாட்டுப் போர்களைக் கண்ட நாடு அது. 2008 பிப்ரவரியில் கிளர்ச்சிப் படை தலைநகருக்குள்ளேயே புகுந்தது. 2021 ஏப்ரலில் அதிபர் இத்ரிஸ் தெபி போர்முனையில் பட்ட காயத்தால் இறந்தார். அப்படிப்பட்ட ஊரில், அறிமுகமில்லாத ஒருவர் நீண்ட லென்ஸோடு சுற்றி வந்தால் காவலருக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. ஷாரி ஆற்றங்கரை மாலை வெயிலில் மிக அழகாகத் தெரியும். ஆனால் அக்கரையில் இருப்பது கேமரூன் என்பதால் நீங்கள் நிற்பது ஒரு நாட்டின் எல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

சுற்றுலாக் குழுவோடு செல்பவர்களுக்குப் பயண நிறுவனமே அனுமதி வாங்கித் தந்துவிடும். நீங்கள் பணிக்காகச் செல்வதால் உங்கள் அலுவலகத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தலைநகருக்கு வெளியே போவதானால் பயண அனுமதி தனியாகத் தேவைப்படும். இரண்டையும் நகலெடுத்துப் பையில் வைத்திருங்கள். யாராவது தடுத்தால் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, பிரெஞ்சோ அரபியோ தெரிந்த உள்ளூர்க்காரரைப் பேச விடுங்கள்; படத்தை அழிக்கச் சொன்னால் தடுத்தவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுச் செல்வது உத்தமம்.

கேள்வி: செங்குத்தான பாறைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் கருநிற நீரில் நிற்கும் படம் ஒன்றைப் பார்த்தேன். சாட்டில் எடுத்தது என்று போட்டிருந்தது. அந்த இடத்தை எந்த நேரத்தில், எங்கிருந்து எடுப்பது நல்லது?
– வாசகி, மதுரை

பதில்: அது வடகிழக்குச் சாட்டில் உள்ள என்னெடி மலைப்பகுதியின் 'கெல்டா தார்ஷெய்' என்ற சுனை. என்னெடியை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பாலைவனம் என்றாலே விடியற்காலை ஒளிதான் சிறந்தது என்பது எல்லோரும் சொல்லும் பாடம். இங்கே அது செல்லாது. மணற்பாறைச் சுவர்கள் மிக உயரமானவை என்பதால் வெயில் ஏறிய பிறகே நீர்வரை வெளிச்சம் இறங்கும், அப்போதும் ஒரு சுவர் தகதகவென்று ஒளிர, எதிர்ச்சுவர் இருட்டில் கிடக்கும். சட்டகத்திலிருந்து வானத்தை முழுமையாக விலக்கிவிட்டு, ஒளிபடும் சுவர் வெளிறிப் போகாதபடி எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) அமைத்து, கேமரா மெருகேற்றாத மூலப்பதிவான ரா கோப்பாகப் பதிவு செய்துகொண்டால் நிழற்பகுதியைப் பின்னர் மீட்டெடுக்கலாம். ஒளிரும் சுவரிலிருந்து திரும்பி வரும் செம்மஞ்சள் வெளிச்சம் ஒட்டகங்களின் முதுகில் மென்மையாகப் படியும் அழகு, நேரடி வெயிலில் கிடைக்காது.

நீங்கள் பார்த்த படம் அநேகமாக மேலேயுள்ள பாறை விளிம்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஏறிச் செல்லச் சற்று நடக்க வேண்டும். 70–200 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். சகாரா பசுமையாக இருந்த காலத்தின் எச்சமாக, சுனையில் ஒரு சிறு முதலைக் கூட்டம் இன்னும் வாழ்கிறது. நீரைக் கருப்பாக்குவது ஒட்டகச் சாணம். அந்தச் சாணத்தில் பாசி வளர்கிறது, பாசியை மீன் தின்கிறது, மீனை முதலை தின்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒட்டகத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டீர்கள். கீழே இறங்கினால் குறுகலான வழியின் நடுவில் நிற்காதீர்கள். மேய்ப்பர்களுக்கு அது தண்ணீர் காட்டும் இடம், அன்றாட வேலை. அப்பகுதியின் தூபு மக்களில் பலர் தங்களைப் படமெடுப்பதை விரும்புவதில்லை என்பதால், வழிகாட்டி மூலம் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாடோடி மேய்ப்பர்களான வோடாபே மக்களின் இளைஞர்கள் முகத்தில் வண்ணம் தீட்டி ஆடும் கெரெவோல் விழாவுக்குச் செல்லும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். கரிய முகங்களுக்கு எக்ஸ்போஷர் எப்படி வைப்பது? பணம் கொடுத்துப் படமெடுப்பது முறையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். ஆகவே கரிய முகம் சட்டகத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் கூட்டிவிடும். பின்னணியில் வெளிறிய மணல் விரிந்திருந்தால் முகத்தை இருட்டடித்துவிடும். முதல் நிலையில் எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரு மடங்காகும்) வரை குறையுங்கள், இரண்டாவதில் அதே அளவு கூட்டுங்கள். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்தில் பூசும் காவியின் சிவப்பு, மற்ற நிறங்களுக்கு முன்பே சென்சாரில் (கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சில்லில்) நிரம்பி வழிந்து, கன்னம் வெறும் வண்ணத் திட்டாகிவிடும். வெளிச்சப் பரவலைக் கேமரா திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

மழைக்கால இறுதியில், பெரும்பாலும் செப்டம்பர்–அக்டோபரில், மேய்ச்சல் நிலத்தைப் பொறுத்து நாளும் இடமும் மாறும் விழா இது. ஆண்கள் வரிசையாக நின்று, கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும் தெரிய விழித்துச் சிரித்து ஆட, பெண்கள் தேர்ந்தெடுப்பார்கள். எல்லோரும் ஆட்டத்தையே எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய மணி நேரங்களே பெரிது: மரநிழலில் அமர்ந்து, உள்ளங்கையளவு கண்ணாடியைப் பிடித்தபடி மூக்கின் மேல் வெள்ளைக் கோடு இழுக்கும் ஓர் இளைஞனின் கவனம், எந்த ஆட்டத்திலும் கிடைக்காத படம். நிழலின் ஒளியும் சீராக இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, குழுவின் சார்பில் பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்படைத்துவிடுவது முறையானது. தேயிலை, சர்க்கரை கொண்டு செல்வதும் நல்லது. ஒரு கிளிக்குக்கு ஒரு நோட்டு என்று ஆளுக்கு ஆள் நீட்டுவதை நான் ஏற்கவில்லை. நோட்டு கைமாறிய கணமே அவர் விழாவை விட்டுவிட்டு உங்களுக்காக நிற்கத் தொடங்கிவிடுவார். நீங்களும் ஆடுகளத்துக்குள் நுழைந்து பெண்களின் பார்வையை மறைக்காதீர்கள், தேர்வு அவர்களுடையது.

கேள்வி: சாட்டில் தூசி அதிகம் என்கிறார்களே, லென்ஸை எப்படித் துடைப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: துடைக்காதீர்கள், ஊதுங்கள். உலகிலேயே மிக அதிகமாகத் தூசியை எழுப்பும் இடமான போடேலே பள்ளம் சாட்டில்தான் இருக்கிறது. பழைய பேரேரி ஒன்றின் வறண்ட அடித்தளமான அதில், டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் மாவாகப் படிந்துள்ளன. குளிர்கால வடகிழக்குக் காற்று அதை வாரிக்கொண்டு வருகிறது. சிலிக்கா படிந்த கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். ரப்பர் ஊதியால் ஊதி, தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பிறகும் கறை இருந்தால் மட்டும் துணியைத் தொடுங்கள். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க, இரண்டு கேமரா உடல்களில் இரண்டு லென்ஸ்களை மாட்டியே வைத்திருப்பது நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் 24–120 மி.மீ. போன்ற ஒரே ஜூமோடு செல்லுங்கள். சென்சாரைத் தொடும் வேலையைக் கூடாரத்தில் வைத்துக்கொள்ளாமல், ஊர் திரும்பியதும் சேவை மையத்தில் கொடுங்கள்.