பட்டறைக் கேள்வி-பதில்: தேய்ந்த அரம், பழைய சாணைக்கல், பிரிண்டர் கம்பி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் பொருளை வாங்கிவிட்டு, "இதை வைத்து என்ன செய்யலாம் சார்?" என்று கேட்பவை. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் பலருக்குக் காசு மிஞ்சியிருக்கும்.

தேய்ந்துபோன 12 அங்குல அரம் நாலு இருக்கிறது. மர லேத்துக்கு (மரம் கடையும் மெஷின்) உளி செய்யலாமா? (அல்சூர்)

மர லேத்துக்கு வேண்டவே வேண்டாம். அரத்தில் சுமார் 1.2 சதவீதம் கார்பன். அந்தக் கடினத்தோடு லேத்தில் வைத்தால் சட்டென்று ஒடிந்து முகத்துக்கு வரும். ஸ்கிரேப்பரோ (சுரண்டும் கருவி) கோடு போடும் கத்தியோ செய்யுங்கள், அதற்கு இதைவிட நல்ல எஃகு கிடைப்பது கஷ்டம். பல்லைச் சாணையில் எடுத்துவிட்டு நல்ல அரம் ஒன்றால் உரசிப் பாருங்கள். வழுக்கினால் முழுக்க எஃகு. கடித்தால் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய மலிவுச் சரக்கு, திரும்பக் காயலாங்கடைக்கே போட்டுவிடலாம். எஃகுதான் என்றால் பளிச்சென்று தேய்த்து, ஓவனில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறியதும் இன்னொரு தடவை. வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் பதம், அதாவது ஒடியாத அளவுக்கான கடினம், சரி. சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். முனையில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

உடைந்த பவர் ஹாக்ஸா பிளேடு (இரும்பு அறுக்கும் மெஷின் ரம்பம்) எதற்காவது உதவுமா? (பீன்யா)

உதவும். கல்லில் தொட்டுத் தீப்பொறியைப் பாருங்கள். மங்கிய சிவப்பில் குட்டையாக வந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல். 500 டிகிரி வரை சூடேறினாலும் அதன் கடினம் போகாது, அதனால் தனியாகப் பதம் பார்க்கும் வேலையே இல்லை. நல்ல மார்க்கிங் கத்தி ஆகும். வளைக்க மட்டும் முயலாதீர்கள்.

சந்தையில் 8 அங்குலச் சாணைக்கல் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் மாட்டிச் சாணை மெஷின் ஆக்கலாமா? (கே.ஆர்.புரம்)

மாட்டாதீர்கள். எத்தனை தடவை எழுதிவிட்டேன்! காயலாங்கடையில் வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்குங்கள், உளி வாங்குங்கள், இழைப்புளி வாங்குங்கள். சாணைக்கல்லும் கட்டிங் வீலும் மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். எஃகு கெட்டிருந்தால் சூடாக்கித் திரும்பப் பதம் ஏற்றலாம். கல்லில் விரிசல் விழுந்தால் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 8 அங்குலக் கல் நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். உடைந்த துண்டு அதே வேகத்தில் கிளம்பும். "என் மோட்டார் 1400 சுற்றுதானே" என்பீர்கள். பாதி வேகத்தில் வரும் கல் துண்டும் கண்ணைப் பறிக்கும். அந்த மோட்டாரில் கல்லை இரண்டு பக்கமும் பிடிக்கிற பிளாஞ்ச் இல்லை, காகித வாஷர் இல்லை, மேலே கவசமும் இல்லை. பாதிப் பேர் வெறும் நட்டை முறுக்கி இறுக்குகிறார்கள். பல கற்களுக்கு அந்த இறுக்கத்திலேயே விரிசல் விழுந்துவிடும்.

தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி ஒலித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உலர்ந்த கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டும்போது டொக்கென்று கேட்டால் விரிசல் நிச்சயம். கணீரென்று கேட்பதால் மட்டும் கல் நல்லதாகிவிடாது. லேபிள் கிழிந்த கல்லுக்கு எத்தனை சுற்று வரை அனுமதி என்று யார் சொல்வது? எண்ணெயில் ஊறியதா, எத்தனை முறை கீழே விழுந்தது என்பதும் விற்றவருக்கே தெரியாது. ரெசின் கட்டிங் வீலைத் தட்டிப் பார்த்தும் பயனில்லை. அதன் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், செய்ததிலிருந்து பொதுவாக 3 வருடம். கட்டுக்கட்டாக மலிவு விலையில் கொட்டிவைத்திருக்கும் வீல்களை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், ஏன் மலிவு என்று புரியும். ஆங்கிள் கிரைண்டரின் கவசத்தைக் கழற்றி வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்த் திரும்ப மாட்டுங்கள்.

மோட்டாரை வீணாக்க வேண்டாம். 6 அங்குல பிளைவுட் வட்டத்தில் தோலை ஒட்டி, பாலிஷ் பூசி, உளி முனையைத் தீட்ட வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் அதற்குப் பொருத்தம். சக்கரம் முனையைவிட்டு விலகி ஓடும் பக்கத்தில்தான் உளியை வைக்க வேண்டும், எதிரே வைத்தால் பிடுங்கி எறியும். எர்த் கம்பி கட்டாயம்.

மூடிப்போன ஆலை ஏலத்தில் வாங்கிய வைஸ் முழுக்கத் துரு. (சிவாஜி நகர்)

நல்ல வைஸ்தான், துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சிறு பாகங்களைப் புளித்தண்ணீரிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, தேய்த்து, உடனே துடைத்து எண்ணெய் போடுங்கள். பெரிய பாகத்துக்கு, பேட்டரி சார்ஜரால் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறை. 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று கரண்டி வாஷிங் சோடா, வைஸ் பாகம் நெகட்டிவில், சாதா இரும்புத் துண்டு பாசிட்டிவில். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக்கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

கம்பெனியில் கொஞ்சம் பலகை கொடுத்தார்கள். என்ன செய்யலாம்? (ஒயிட்ஃபீல்டு)

என்ன மரம், எத்தனை அடி, பேலட்டா (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பெட்டியா, ஒன்றும் எழுதவில்லை. நான் எதை வைத்துச் சொல்வது? பேலட் என்றால் பக்கவாட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் வெறும் சூடேற்றியது, தாராளமாக அறுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது, தொடாதீர்கள். ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் ரம்பம்.

பழைய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்து ஸ்டாண்டு போடலாமா? (பொம்மனஹள்ளி)

துத்தநாகப் பூச்சை மூட்டுப் பக்கம் முழுக்கச் சுரண்டிய பிறகுதான். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரெட் போட்டு எல்போ, டீ என்ற பைப் இணைப்புகளை வைத்துப் பூட்டினால் வெல்டிங்கே தேவையில்லை.

காலி தின்னர் டிரம்மைக் கிரைண்டரால் இரண்டாக வெட்டி அடுப்பு செய்யப் போகிறேன். (பீன்யா)

கூடாது. காலி டிரம்மில் ஆவி இருக்கிறது, ஒரு பொறி போதும், டிரம் வெடிக்கும்.

ரிப்பேரான பிரிண்டரிலிருந்து இரண்டு எஃகுக் கம்பி எடுத்தேன். தூக்கிப் போடலாமா? (ஜெயநகர்)

போடாதீர்கள். பிரிண்டரின் தலை ஓடுவதற்காகத் துல்லியமாக அரைத்த கம்பி அது. கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடாமல் ஓடினால் டிரில்லை நேராக இறக்கும் சிறு ஸ்லைடுக்கு ஜோடியாக வையுங்கள். கோணலாக ஓடினால் அறுத்து, வைஸுக்குக் கைப்பிடிக் கம்பி செய்துகொள்ளுங்கள்.