வாசகர் கேள்வி பதில்: ஐஸ் தொழிற்சாலைக் கூரையில் சோலர்

கேள்வி: யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். நாளுக்கு 20 தொன் கட்டி ஐஸ் போடுகிறோம், 24 மணி நேரமும் மெஷின் ஓடுகிறது. கூரையில் 100 கிலோவாற் சோலர் போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு கொம்பனிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பாதியாகாது ஐயா. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எங்கள் சூட்டில் ஒரு தொன் கட்டி ஐஸுக்கு 55 முதல் 70 யூனிற் வரை போகும். 60 என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 1,200 யூனிற். எங்கள் வெயிலில் ஒரு கிலோவாற் பனல் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிற் அளவில் தரும், ஆக 100 கிலோவாற்றுக்கு 400. யூனிற்றில் மூன்றில் ஒரு பங்குதான்.

பில்லில் அந்த மூன்றில் ஒன்றும் முழுசாகக் குறையாது. உங்களைப் போன்ற பெரிய பாவனையாளர்களுக்கு மீற்றர் நேரம் பிரித்துத்தான் ஓடுகிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, அதற்குப் பிறகு விடியும் வரை குறைந்த விலை. விலை கூடிய அந்த நாலு மணி நேரமும் வெயில் இல்லை. போதாததற்கு டிமாண்ட் சார்ஜ் இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை ஏறிய உச்சத்துக்குத்தான் அந்தக் காசு, மப்பு நாளில் மெஷினெல்லாம் சேர்ந்து ஓடினால் 29 நாள் வெயில் அடித்தும் அது இறங்காது. அதோடு பனல் கிலோவாற்றைக் குறைக்குமே தவிர மோட்டர் தன் காந்தத்துக்காக இழுக்கும், வேலையாக மாறாத ரியாக்டிவ் சுமையைக் குறைப்பதில்லை, அதனால் பவர் ஃபக்டர், அதாவது லைனிலிருந்து இழுப்பதில் வேலைக்குப் போகும் பங்கு, விழும். அந்தச் சுமையை ஈடுசெய்யும் கப்பாசிற்றர் பாங்க் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பனலோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1,200 யூனிற்றை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் உங்கள் சுமை 50 கிலோவாற் மட்டும். உச்சி வெயிலில் பனல் 75 அளவில் தள்ளும், மிச்சம் வெளியே போகும். அதற்குக் கிடைக்கும் விலையை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். 2016இல் சூரிய மின்சாரத் திட்டம் தொடங்கியபோது இருந்த விலை இன்றில்லை, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது பலமுறை மாறிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவு, சோலர் மிகுந்தால் லைன் தாங்காது என்று, பகலில் கூரைச் சோலரை நிறுத்தச் சொல்லி மின்சார சபையே கேட்டது, அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9இல், நாடே இருண்டு போயிருந்தது. வெளியே தள்ளுவதை விட உள்ளே பாவிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அதற்கு உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது, ஐஸ்தான் உங்கள் பற்றரி. இரண்டாவது கொம்பிறசர் இருந்தால் இரண்டையும் பகலில் ஓட்டி, 6.30க்கு நிறுத்திப் பாருங்கள். மூடி சரியாக இருந்து இன்சுலேஷன் நல்லதென்றால் ஐஸ் அச்சுகள் இறங்கி நிற்கும் உப்பு நீர்த் தொட்டி நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து நிற்கும். ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, அந்த மாத மீற்றர் பதிவை வைத்து எத்தனை பனல் என்று தீர்மானியுங்கள். பனல் போடாமலே பில் இறங்குகிறதா என்பதும் அப்போது தெரியும்; இரண்டும் சேர்ந்து ஓடுவதால் டிமாண்ட் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

இடத்தைப் பற்றி ஒன்று. நீங்கள் குளிரூட்ட அமோனியா ஓட்டுகிறீர்கள் என்றால், பனல் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரை மெஷின் அறைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், அமோனியா செம்பைத் தின்னும். கடற்காற்றும் இருப்பதால் உப்புக்காற்றுச் சோதனை தேறிய பனலா என்று சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சாவகச்சேரியில் அரிசி ஆலை. கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற். அதன் மேலேயே பூட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சீற் ஆளையே தாங்காது, மிதித்தால் உடையும், அப்புறம் கீழே விழுகிறவன் ஒரு தொழிலாளி. சீற்றை மாற்றி, தீராந்தியையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு பனல் 28 கிலோ அளவில் வரும், சட்டத்தோடு பரப்பினால் சதுர மீற்றருக்கு 15 கிலோ வரை ஏறும். பாரத்தை விடப் புயலில் காற்று மேலே இழுப்பதுதான் எனக்குப் பயம். போன வருடம் ஓர் ஆலைக் கூரையில் ஏறிப் பார்த்தேன்: பூட்டி மூன்று வருடம்தான், சாதாரண இரும்பு போல்ற் ஒவ்வொன்றிலிருந்தும் துருக்கோடு சீற் வழியே பீலி வரை வழிந்திருந்தது, ஒன்றைக் கையால் திருப்பினேன், தலை கையோடு வந்தது. பூட்டியவர்கள் மிச்சம் பிடித்தது போல்ற் காசு. துருப்பிடிக்காத ஸ்ரீல் போல்ற் என்று விலைப்பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஆலை உமித்தூசி பனலில் படியும், கழுவத்தான் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு கண்ணாடியிலும் பிடிக்கும், பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, விடியற்காலையில், கண்ணாடி சுடுவதற்கு முன் கழுவுங்கள்.

கேள்வி: கரண்ட் நின்றால் சோலரில் மெஷின் ஓடுமா? (நெல்லியடி)

பதில்: சாதாரண இன்வேர்ட்டரில் ஓடாது. லைனில் கரண்ட் இல்லை என்று கண்டதும் அது தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு உயிராபத்து. ஜெனரேற்றரோடு சேர்த்து ஓட்டலாம், ஆனால் இடையில் ஒரு கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும்; சுமை குறைந்த நேரத்தில் பனல் கரண்ட் ஜெனரேற்றருக்குள்ளேயே திரும்பி ஏறினால் அது பழுதாகும். அந்தக் கொன்ட்ரோலர் விலைப்பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.