பி.காம் கையில இருக்கு, மறுபடி 60,000 டாலர் கட்டி ஹாஸ்பிடாலிட்டி டிகிரி வேணுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க அரிசோனால சாண்ட்லர்ல இருக்கோம், கிரீன் கார்டு போன வருஷம்தான் வந்துச்சு. எனக்கு 36 வயசு, மதுரைல பி.காம் முடிச்சேன், இங்க ஒரு ஹோட்டல்ல ரெண்டு வருஷமா ஃப்ரண்ட் டெஸ்க், மணிக்கு 19 டாலர். மேனேஜர் ஆகணும்னு ஆசை. ஒரு கிறிஸ்டியன் யுனிவர்சிட்டில ஆன்லைன்ல ஹாஸ்பிடாலிட்டி அண்ட் டூரிசம் மேனேஜ்மென்ட் பேச்சலர்ஸ் இருக்கு, 120 கிரெடிட் (பாடத்தோட அளவ இங்க இப்படித்தான் கணக்கு போடுறாங்க), கிரெடிட்டுக்கு 500 டாலர் கிட்ட வருதாம். கவுன்சிலர் தினமும் போன் பண்ணி இந்த வாரமே சேருங்கன்றாங்க. வீட்டுக்காரர் தன்னோட பழைய கம்பெனி 401கே பணத்த (ரிட்டயர்மெண்ட் சேமிப்பு) எடுத்து கட்டிடலாம்ங்கிறார், எனக்கு லோன் போடலாம்னு தோணுது. நாங்க இந்து, அதனால எதுவும் பிரச்சனை வருமா?

பதில்: வணக்கம்மா. 401கேயா லோனான்னு கேக்குறீங்க, ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, உங்களுக்கு இன்னொரு பேச்சலர்ஸ் வேணுமா? 120 கிரெடிட்டுன்னா 60,000 டாலர். மணிக்கு 19 டாலர்ல வருஷம் பூரா முழு நேரம் வேலை பாத்தாலும் வரி பிடிக்கிறதுக்கு முன்னாடியே 39,520தான், அதாவது உங்களோட ஒன்றரை வருஷ சம்பளம் அப்படியே போகுது.

அந்த கவுன்சிலர் உங்க பி.காம் பத்தி ஒரு வார்த்தையாவது கேட்டாங்களா? கேட்டிருந்தா 120ன்னு ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. மொதல்ல நேசஸ்ல (வெளிநாட்டு டிகிரிய மதிப்பிடுற ஏஜென்சிகளோட சங்கம்) மெம்பரா இருக்கிற ஒரு ஏஜென்சில உங்க மார்க்‌ஷீட்ட கோர்ஸ் வாரியா எவால்யுவேஷன் பண்ணுங்க, செலவு 200 டாலர் சுத்தி வரும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். நம்மூரு மூணு வருஷ டிகிரிய சில ஏஜென்சி முழு பேச்சலர்ஸ்னு ஒத்துப்பாங்க, சிலது மூணு வருஷ படிப்புன்னு மட்டும் போடும், அது காலேஜுக்கு நாக் (நம்மூர்ல காலேஜ் தரத்த மதிப்பிடுற அமைப்பு) குடுத்த கிரேடு, நீங்க ஃபர்ஸ்ட் கிளாஸா செகண்ட் கிளாஸா இதெல்லாம் பொறுத்தது. முழு பேச்சலர்ஸ்னு வந்துச்சுன்னா கதை அங்கயே முடிஞ்சுது, "பேச்சலர்ஸ் டிகிரி வேணும்"னு போடுற வேலைக்கெல்லாம் நீங்க இப்பவே தகுதி. வரலைன்னாலும் நிறைய கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகும். பீனிக்ஸ்ல கிறிஸ்டியன் யுனிவர்சிட்டின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்ற கிராண்ட் கேன்யன்லயே 90 கிரெடிட் வரைக்கும் வெளில இருந்து ஏத்துக்கிறாங்க (நீங்க எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல, அதனால பொதுவா சொல்றேன்).

இன்னொரு விஷயம், ஃபாஃப்சா (அரசாங்க படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) போடும்போது பி.காம்ம மறைக்காதீங்க. வெளிநாட்டு டிகிரி பேச்சலர்ஸுக்கு சமம்னு ஆயிட்டா பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசாங்க உதவி) கிடையாது, நல்ல சம்பளம் வர்ற வீட்டுக்கு அது எப்படியும் கஷ்டம்தான். கிரீன் கார்டு இருக்கிறதால ஃபெடரல் லோன் கிடைக்கும், ஆனா அண்டர்கிராஜுவேட்டுக்கு உங்கள மாதிரி இண்டிபெண்டண்ட் (அப்பா அம்மா வருமானத்த கணக்குல எடுக்காத) ஸ்டூடண்டுக்கு ஆயுசுக்கும் மொத்தம் 57,500 டாலர்தான் உச்சவரம்பு, அதாவது அவங்க சொல்ற 60,000த்துக்கு அது பத்தக்கூட பத்தாது. சரி பாதி கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகி 30,000 மட்டும் லோன் போடுறீங்கன்னு வைங்க, 2025-26 வட்டி 6.39 பர்சண்ட், பத்து வருஷத்துக்கு மாசம் 339 டாலர், வட்டி மட்டும் 10,600க்கு மேல.

401கே மேட்டர்ல வீட்டுக்காரர கொஞ்சம் நிறுத்தி வைங்க. 59½ வயசுக்கு முன்னாடி எடுத்தா இன்கம் டாக்ஸ் போக 10 பர்சண்ட் பெனால்ட்டி, படிப்புக்காக அவசர கஷ்டம்னு காட்டி ஹார்ட்‌ஷிப்னு எடுத்தாலும் அந்த பெனால்ட்டி விடாது. பழைய கம்பெனி பணத்த ஐஆர்ஏவுக்கு (நாமளே வச்சுக்கிற ரிட்டயர்மெண்ட் கணக்கு) ரோல்ஓவர் பண்ணிட்டு, அதாவது மாத்திட்டு, காலேஜ் ஃபீஸுக்கு எடுத்தா பெனால்ட்டி இல்ல, ஆனா டாக்ஸ் உண்டு, அதுவும் அவரோட வருமானத்துக்கு வர்ற டாக்ஸ் ரேட்ல. ரிட்டயர்மெண்ட் பணத்துல கை வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல, அவ்ளோதான்.

இப்ப உங்க வேலைக்கு வருவோம். அமெரிக்க லேபர் டிபார்ட்மெண்ட்டோட புள்ளிவிவர ஆபீஸ் லாட்ஜிங் மேனேஜர் (ஹோட்டல் மேனேஜர்) வேலைக்கு வழக்கமா வேண்டிய படிப்புன்னு போட்டிருக்கிறது ஹைஸ்கூல் டிப்ளமாதான், கூடவே வேலை அனுபவம் கேக்குது. மீடியன் (நடுவுல வர்ற) சம்பளம் வருஷத்துக்கு 65,000 டாலருக்கு மேல. அப்போ மேனேஜர் சீட்டுக்கு உங்களுக்கு பாக்கி இருக்கிறது அனுபவம். பி.காம் படிச்சவங்க நீங்க, ராத்திரி கணக்கு பாக்கிற நைட் ஆடிட் ஷிஃப்ட கேட்டு வாங்குங்க! அன்னன்னிக்கு கணக்க முடிக்கிறது, அன்னிக்கு கார்டுல வந்த பணத்த சரி பாக்கிறது, ஆக்குபன்சி (எத்தனை ரூம் நிரம்பிச்சு), ஏடிஆர் (வித்த ரூமோட சராசரி வாடகை), ரெவ்பார் (இருக்கிற மொத்த ரூமுக்கும் சராசரியா வந்த வருமானம்) ரிப்போர்ட் எடுக்கிறதுன்னு ஹோட்டலோட பணம் எப்படி ஓடுதுன்னு அங்கதான் தெரியும். ராத்திரி ஷிஃப்ட் கஷ்டம்தான், சின்னக் குழந்தை இருந்தா இன்னும் கஷ்டம், ஆனா ஒரு வருஷம் பண்ணிட்டு சூப்பர்வைசர் போஸ்ட் கேக்கிறப்போ பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஹெச்ஆர்கிட்ட டியூஷன் அசிஸ்டன்ஸ் இருக்கான்னு கேளுங்க, முதலாளி வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் உங்க படிப்புக்கு குடுத்தா அதுக்கு வரி கிடையாது. ஆனா போர்டுல பெரிய செயின் பேர் இருந்தாலும் முதலாளி ஃப்ராஞ்சைசியா (பேர மட்டும் வாங்கி தனியா நடத்துறவர்) இருப்பார், இங்க நிறைய மோட்டல் நம்ம குஜராத்திக்காரங்க கைலதான். செயினோட வெப்சைட்ல போட்டிருக்கிற சலுகை உங்க ஹோட்டலுக்கு செல்லும்னு நெனச்சிடாதீங்க, யார் பேர்ல பே ஸ்டப் (சம்பள ரசீது) வருதோ அவங்ககிட்ட கேளுங்க.

படிச்சே ஆகணும்னா மாரிகோப்பா கம்யூனிட்டி காலேஜ்ல லோக்கல் ஆளுங்களுக்கு கிரெடிட் 100 டாலர் அளவுதான், ஸ்காட்ஸ்டேல் கேம்பஸ்ல ஹாஸ்பிடாலிட்டி அண்ட் டூரிசமே இருக்கு. அஞ்சு கோர்ஸ் எடுத்தாலும் 1,500 டாலர்ல முடிஞ்சிரும். டாக்ஸ்ல லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்னு ஒரு வரிச் சலுகை (இது பாட கிரெடிட் இல்ல), கட்டின ஃபீஸ்ல 20 பர்சண்ட் வரும், உச்சம் 2,000. ஆனா சேந்து ஃபைல் பண்றவங்களுக்கு வருமானம் 1,60,000 தாண்டினா குறைய ஆரம்பிச்சு 1,80,000ல ஜீரோ, அதனால உங்க ரெண்டு பேர் சம்பளத்தயும் கூட்டிப் பாருங்க. பெரிய ரிசார்ட்ல மேனேஜ்மெண்ட் டிரெய்னியா போகணும், டூரிசம் பீரோ மாதிரி ஆபீஸ் வேலை வேணும்னா மட்டும் டிகிரி கேப்பாங்க, அதுக்கும் எவால்யுவேஷன் ரிசல்ட் வந்தப்புறம் யோசிங்க.

இந்துங்கிறதால சேக்கிறதுல பிரச்சனை இல்ல, கிராண்ட் கேன்யன் மாதிரி இடத்துல எல்லா மதத்துக்காரங்களும் படிக்கிறாங்க. ஆனா கிறிஸ்டியன் வேர்ல்டுவியூன்னு ஒரு பேப்பர் கட்டாயம், 4 கிரெடிட், அதாவது உங்க ரேட்ல 2,000 டாலர். படிக்க மனசு இருந்தா ஓகே, நானே திண்டுக்கல்ல மிஷன் ஸ்கூல்ல பைபிள் கிளாஸ்ல உக்காந்தவன்தான், அங்க ஃபீஸ் கம்மி!

அந்த கவுன்சிலர் நாளைக்கு போன் பண்ணா, "எவால்யுவேஷன் ரிப்போர்ட் வரட்டும், எத்தனை கிரெடிட் ஏத்துப்பீங்கன்னு எழுத்துல குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வைங்க.