முதலில் அவன் பெயரை எழுதுங்கள்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு, கேரட் போடுகிற குடும்பம் நாங்கள். மகள் வைஷ்ணவி ஏழாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாள். பையனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான். நான்கு வருஷமாகத் தினமும் சாயங்காலம் சிலேட்டில் அ, ஆ எழுதிச் சொல்லவைக்கிறேன். இன்றைக்குச் சொல்வான், நாளைக்கு மறந்துவிடுவான். வைஷ்ணவியும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். இவனுக்குப் படிப்பு வருமா? வராது என்றால் மதுரைப் பக்கம் விடுதியுள்ள பள்ளி ஒன்றில் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசுகிறோம். தை மாதம் புது வீடு கட்டிக் குடிபோனோம். வைஷ்ணவிக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே என்று மாமனார் சொன்னதால் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடவில்லை. அவனுக்கு அது தெரியவா போகிறது, பத்திரிகைப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் கூட வந்தான். கொடுக்காமல் விட்ட வீட்டைக்கூட அவன்தான் ஞாபகப்படுத்தினான்.

– ஒரு தாய், மேல்மலை (மகளின் பெயர் மாற்றப்பட்டுள்ளது)

பதில்:

சகோதரி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் மகளின் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. மகனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பையன், அவன், இவன், "எங்க தலையெழுத்து". அவ்வளவுதான். கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று திரும்ப ஒருமுறை தேடிப் பார்த்தேன். இல்லை.

படிப்பு வருமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பத்திரிகையைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நம் ஊர்ப் பத்திரிகையில் யார் யார் பெயர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, அத்தை மாமா. காலமானவர்கள்கூட 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு இருப்பார்கள். கடைசி வரி வீட்டுக் குழந்தைகளுக்கு. செத்துப்போனவர்களுக்கு இடம் இருந்த தாளில், உயிரோடு பக்கத்தில் நின்று பையைத் தூக்கிய பிள்ளைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. மாமனார் சொன்னார் என்கிறீர்கள். சரி, நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் கணவர் என்ன சொன்னார்? அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பழியைப் பெரியவர் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வரன் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் செல்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், பெற்றோரின் குணங்களைத் தாங்கி வருகிற இழைகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்து, பெரும்பாலும் மொத்தம் 47 ஆகிவிடுகிறது. 1959இல் பிரான்சில் இதைக் கண்டறிந்தார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் சமயத்தில் தற்செயலாக நேர்வது. குடும்பத்தில் ஓடி வருவதில்லை. 3, 4 பேருக்கு மட்டும் இடமாற்ற வகை என்று ஒன்று உண்டு, கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலும் ஒரு பகுதிதான் பெற்றோர் வழியாக வருவது. உங்கள் மகன் எந்த வகை என்பதைக் காரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இதுவரை செய்யவில்லை என்றால் செய்து, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் தம்பியை எதிரே உட்காரவைத்தே பேசலாம். உடன்பிறந்தவனை மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் பயந்து பயந்துதான் இருப்பாள். அப்படி இருக்கிறவர்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன.

அடுத்து, "அவனுக்கு அது தெரியவா போகிறது" என்று எழுதினீர்களே, அதற்கு அடுத்த வரியை நீங்களே திரும்பப் படியுங்கள். கொடுக்காமல் விட்ட வீட்டை ஞாபகப்படுத்தியது அவன். மேல்மலை ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். சரிவில் அடுக்கிவைத்தாற்போல் வீடுகள், ஒரு வீட்டு வாசலும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். அத்தனை வாசல்களில் எது முடிந்தது, எது பாக்கி என்று கணக்கு வைத்திருந்த பிள்ளை, நேற்றுச் சொன்ன 'ஆ'வை இன்றைக்கு மறக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? காதால் வாங்கியது அவனிடம் சீக்கிரம் நழுவிவிடுகிறது. கண்ணால் பார்த்தது தங்கிவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான். நீங்கள் நான்கு வருஷமும் "சொல்லு, சொல்லு" என்று காது வழியாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

அதுவும் 'அ'. அவனுக்கு 'அ' என்றால் என்ன? அதைத் தின்ன முடியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. தமிழில் 247 எழுத்து. அதில் முதல் படியிலேயே அவனை நான்கு வருஷம் நிறுத்திவிட்டு, படிப்பு வருமா என்று கேட்கிறீர்கள்.

1980 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு தகப்பன் இதுபோல ஒரு கடிதம் எழுதினார். போர்ட்ஸ்மவுத்தில் இருந்த சூ பக்லி என்ற உளவியலாளருக்கு. தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், மூன்று வயதிலிருந்து அட்டையில் முழுச் சொற்களை எழுதிக் காட்டிப் படிக்க வைத்தேன், படித்ததால் பேச்சும் வந்தது என்று சொன்னார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பக்லி தன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வாயால் சொன்ன சொல் காற்றில் போய்விடும். தாளில் இருக்கிற சொல் பிள்ளை பார்த்து முடிக்கிற வரை அங்கேயே இருக்கும். எழுத்துக்கு முன்னால் முழுச் சொல் என்ற வழி இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்துவது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பத்திரிகை மிச்சம் இருக்கும், எந்த வீட்டிலும் மிஞ்சும். அதில் எழுத்தில்லாத வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு மையில், பெரிதாக, ஓர் அட்டைக்கு ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்டை. முதல் சொல் அவன் பெயர். இரண்டாவது அக்காவின் பெயர். மூன்றாவது பூண்டு. நான்காவது அவன் உயிரைவிடுகிற ஏதாவது ஒன்று. நாயோ, பஸ்ஸோ, முறுக்கோ, உங்களுக்குத்தான் தெரியும். அம்மா, அப்பா, அக்கா மூன்றையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள். எழுதிப் பாருங்கள், மூன்றும் 'அ'வில் தொடங்குகிறது, நடுவில் ஒரு புள்ளி, கடைசியில் ஒரு கால். புதிதாகப் பார்க்கிற கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். இந்த ஒரு காரணத்தாலேயே பல வீடுகளில் முதல் வாரமே எல்லோரும் சோர்ந்துபோகிறார்கள்.

முதலில் அவன் பேசவே வேண்டாம். பூண்டு அட்டையின் மேல் இன்னொரு பூண்டு அட்டையை வைக்கட்டும். அது தடுமாறாமல் வந்ததும், இரண்டு மூன்று அட்டையைப் பரப்பி "பூண்டு எடு" என்று கேளுங்கள். அதுவும் வந்த பிறகுதான் "இது என்ன?" என்ற கேள்வி. பேச்சு தெளிவில்லாமல் இருந்தால் அவன் சொல்கிற மாதிரியே ஏற்றுக்கொள்ளுங்கள். கை தப்பான அட்டைக்குப் போகிறதென்றால், போய்ச் சேருவதற்கு முன்பே கையைப் பிடித்துச் சரியானதில் வையுங்கள். "தப்பு" என்ற சொல் அந்த இடத்தில் கேட்கவே கூடாது. இந்தப் பிள்ளைகள் இரண்டு தடவை தோற்றால் மூன்றாம் தடவை அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரிப்பார்கள். அதைக் குறும்பு என்று அடிக்கிறவர்கள் உண்டு. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும். காட்டு வேலை முடித்து அலுத்து வந்து சாயங்காலம் உட்காராதீர்கள், காலையில் உட்காருங்கள்.

பத்துப் பதினைந்து சொல் சேர்ந்ததும் ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்துக்கு ஒரு போட்டோ, அடியில் ஒரு வரி. அவன் பூண்டு உரிப்பது, அவன் பத்திரிகைப் பையோடு நிற்பது. வரி அவன் பெயரில் தொடங்கட்டும். முப்பது நாற்பது சொல் கைவசமான பிறகு எழுத்துக்கு வாருங்கள். பூண்டு, பூனை, பூட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பூ' எங்கே என்று கேளுங்கள். கொம்பு வைத்த எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'கே' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. மற்றப் பிள்ளைகளே அதில் திணறுவார்கள். சிலேட்டை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளின் விரல்கள் குட்டை, பிடியும் தளர்வு. எழுத வராதவனுக்குப் படிக்கவும் வராது என்று நினைப்பது தவறு.

அட்டை வெட்டுவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. காது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுக் குழாய் குறுகல், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்வது ரொம்பச் சகஜம். மேல்மலைக் குளிரில் வருஷத்தில் பாதி நாள் சளி இருக்கும். உங்கள் 'அ'வும் 'ஆ'வும் அவன் காதில் சரியாக விழுந்ததா என்று யாராவது சோதித்தார்களா? கடிதத்தில் இல்லை. காது, கண், தைராய்டு மூன்றையும் வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எவ்வளவு தூரம் போவான் என்று நான் சொல்ல மாட்டேன். கதைப் புத்தகம் படிக்கிறவர்கள் உண்டு, ஐம்பது சொல்லோடு நிற்கிறவர்களும் உண்டு. அந்த ஐம்பதில் பஸ் போர்டில் இருக்கிற உங்கள் ஊர்ப் பெயர் ஒன்று. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கிற 'விஷம்' இன்னொன்று. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட முக்கியமான சொல் எனக்குத் தெரியவில்லை.

விடுதி விஷயத்தில் என் பதில், கூடாது. பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்கள் வீட்டில் தாய் இருக்கிறீர்கள், தகப்பன் இருக்கிறார், தாத்தா இருக்கிறார், நிலம் இருக்கிறது, புது வீடு இருக்கிறது. அதில் அவன் படுக்க இடம் இல்லையா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. தலைமையாசிரியரிடம் போய், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். வரவில்லை என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வீட்டு அட்டைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோங்கள். சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான் என்று நான்கு வரியில் புலம்பியிருக்கிறீர்கள், ஒரு தடவையாவது போய்ச் சண்டை போட்டீர்களா?

வைஷ்ணவியை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தம்பியோடு விளையாடத்தான் கடமை, வாத்தியார் வேலை அவளுடையது இல்லை. நல்ல வைத்தியம் கிடைத்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று ஐம்பது அறுபது வயது வரை இருக்கிறார்கள். நீங்கள் போன பிறகு அவனுக்கு அவள்தான். சட்டப்படி காப்பாளர் யார் என்று மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முன்னால் பேசும் நாள் வரும்போது, அவள் தானாக விரும்பி வந்து நிற்க வேண்டும். இப்போதே பாரத்தை ஏற்றினால் வரமாட்டாள். காலை அட்டை வேலை உங்கள் கணவருடையது. முடியாது என்று சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அட்டைகளில் முதலாவதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். மாமனாரை எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, பெரிதாக, பேரனின் முழுப்பெயரை. எழுதி முடித்து அவரே அவன் கையில் கொடுக்கட்டும். அப்புறம் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அவன் பெயர் என்ன என்று.