மெட்ரோ வந்ததால் சென்னையில் உண்மையில் என்ன மாறியது?

முதலில் மாறியது தூரக் கணக்கு. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் என்று சின்னதாக ஆரம்பித்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியிலும் பாதை முடிந்து மொத்தம் 45 கி.மீ. ஆனதும்தான், வண்ணாரப்பேட்டையில் பெட்டியோடு ஏறி ஒரே ரயிலில் விமான நிலையம் போய் இறங்க முடிந்தது. கிண்டி நெரிசலை நினைத்து இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் இதற்கு விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். இரண்டாம் கட்டம் 3 வழித்தடம், சுமார் 119 கி.மீ. அதற்காக ஆற்காடு சாலையில் தகரத் தடுப்பு வைத்தபோது, பின்னால் மாட்டிக்கொண்ட டீக்கடைக்கு பைக்கை நிறுத்தக்கூட இடமில்லை. கடைக்காரர் வாடகையை மட்டும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். சரி, ரயில் வந்தால் வியாபாரம் திரும்பிவிடும் என்பார்கள், ஆனால் கூடவே வாடகையும் ஏறும், அதுவரை அவர் அங்கே இருப்பாரா என்பதுதான் என் கவலை.

அப்புறம் நடைபாதை. குளுகுளு ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்தால், நடக்க நடைபாதை சரியில்லாமல், வீட்டுக்குப் போகிற கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவைத் தேட வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்றால் யாரும் வரமாட்டார்கள்.